நாடி திரும்பியது, ஆள் திரும்பினாரா? 20 நிமிட இதய நிறுத்தம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு 53 வயது. ஆண். இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தவர். அதைத் தவிர மருத்துவக் குறிப்பில் எழுத ஒன்றுமில்லை. அலுவலகக் கூட்டம் முடிந்து நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தவர், மேசை விளிம்பைப் பிடிக்கக் கை நீட்டி, பிடிக்காமலேயே சரிந்தார். சுற்றி இருந்த ஐந்து பேரில் ஒருவர், கணக்குப் பிரிவில் வேலை செய்யும் பெண், அவசர எண்ணை அழைத்தார். 9ஆவது நிமிடத்தில் ஆம்புலன்ஸ் குழு நோயாளியின் அருகில் வந்தது. ஐந்து முறை மின் அதிர்ச்சி, இரண்டு முறை அட்ரினலின், ஒரு முறை அமியோடரோன் என்ற, இதயத் தாளத்தைச் சீராக்கும் மருந்து. 20ஆவது நிமிடத்தில் கழுத்தில் நாடி தட்டுப்பட்டது. எங்கள் அவசரப் பிரிவின் கதவைக் கடந்தபோது இதயம் துடித்துக்கொண்டிருந்தது. கண் திறக்கவில்லை, கூப்பிட்டதற்கு அசைவில்லை.

இப்படி ஒருவர் பிழைத்துவிட்டால், பின்னர் நடக்கும் ஆய்வுக் கூட்டத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். மருந்து ஏற்றியவர் மருந்து காப்பாற்றியது என்பார். மூச்சுக்குழாயில் குழாய் போட்டவர் குழாய் என்பார். ஐ.சி.யூ.வில் இருப்பவர்கள் எங்கள் சிகிச்சை என்பார்கள். எல்லாருமே மனப்பூர்வமாக நம்பித்தான் சொல்வார்கள். அதனால் இந்த நிகழ்வை நான் வேறு விதமாக எடுத்துக்கொள்கிறேன். செய்யப்பட்ட ஒவ்வொரு காரியத்தையும் தனித்தனியே பிரித்து வைத்து, அதனால் நாடி திரும்புகிறதா, ஆளே திரும்புகிறாரா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்கிறேன். இரண்டும் ஒன்றே என்றுதான் நாங்கள் நெடுங்காலம் நினைத்திருந்தோம். ஒன்றல்ல என்று புரிய அரை நூற்றாண்டு ஆனது.

என் கையில் மூன்று பதிவுகள் இருக்கின்றன: அவசர அழைப்பின் ஒலிப்பதிவு, மின் அதிர்ச்சி கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டர் கருவியின் நினைவகப் பதிவு, ஐ.சி.யூ. தாள்கள். நோயாளியை அடையாளம் காட்டக்கூடியவற்றை விலக்கிவிட்டேன்.

ஒரு சொல் விளக்கம் மட்டும். மாரடைப்பும் இதய நிறுத்தமும் ஒன்றல்ல. மாரடைப்பில் இதயத் தசைக்குப் போகும் குழாய் அடைபடுகிறது. நோயாளி வலியோடு பேசிக்கொண்டே வரலாம். இதய நிறுத்தத்தில் இரத்தத்தை வெளியே தள்ளும் வேலையே நின்றுபோகிறது. சில விநாடிகளில் நினைவு போய்விடும். முதலாவது இரண்டாவதுக்குக் காரணமாகலாம். இவருக்கு அதுதான் நடந்தது.

முதல் இரண்டு நிமிடங்கள்

ஒலிப்பதிவை ஏழெட்டு முறை கேட்டிருப்பேன். அழைப்பை எடுத்தவர் இரண்டே கேள்விகள் கேட்கிறார். நினைவு இருக்கிறதா? மூச்சு சாதாரணமாக இருக்கிறதா? முதல் கேள்விக்கு இல்லை என்று பதில் வருகிறது. இரண்டாவதுக்கு, “இருக்கிறது, இருக்கிறது, குறட்டை மாதிரி வருகிறது” என்கிறார் அந்தப் பெண். அவர் குரலில் ஒரு நிம்மதி கேட்கிறது. பல உயிர்கள் போவது இந்த நிம்மதியில்தான்.

அழைப்பை எடுத்தவர் அனுபவசாலி. “ஒவ்வொரு மூச்சும் வரும்போது இப்போது என்று சொல்லுங்கள் அம்மா” என்கிறார். “இப்போது” என்று ஒரு குரல். பிறகு அறையின் சத்தம், யாரோ நாற்காலியை இழுப்பது, தண்ணீர் கொண்டுவரச் சொல்வது. “இப்போது.” நான் அளந்து பார்த்தேன், இடையே 9 விநாடி. “அது மூச்சு இல்லை அம்மா. அவரைத் தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தண்ணீர் வேண்டாம்.”

இதயம் நின்ற பிறகும் மூளைத்தண்டு சிறிது நேரம் அனுப்பும் இந்தத் திணறல், ஏறத்தாழ பத்தில் நான்கு பேரிடம் முதல் சில நிமிடங்களில் காணப்படுகிறது. பார்ப்பவர்கள் அதை மூச்சு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். எந்தக் கருவியும் மருந்தும் இல்லாத கட்டத்தில், ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்பதே சிகிச்சையாகிவிடுகிறது. விழுந்ததிலிருந்து முதல் மார்பு அழுத்தம் வரை இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்.

மார்பை வெளியிலிருந்து அழுத்தினாலே இரத்தம் ஓடும் என்பது தற்செயலாகத் தெரிந்த செய்தி. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நாய்களின் மீது டீஃபிப்ரிலேட்டரின் கனமான தட்டுகளை அழுத்தி வைத்தபோதே, மின்சாரம் பாய்வதற்கு முன்னால், இரத்த அழுத்தம் சிறிது ஏறுவதைக் கண்டார்கள். கோவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் 1960இல் வெளியிட்ட கட்டுரையில் 20 நோயாளிகள். 14 பேர் பிழைத்தார்கள். 70 சதவீதம்! மருத்துவமனைக்கு வெளியே விழுந்தவர்களின் மொத்தக் கணக்கில் அந்த எண்ணை அதன் பிறகு யாரும் எட்டவில்லை. அவர்கள் பெரும்பாலும் மருத்துவமனைக்குள், மயக்க மருந்தின் கீழ், மருத்துவர் கண்ணெதிரே இதயம் நின்றவர்கள். முதல் கட்டுரையின் வெளிச்சத்தில் மயங்கிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எங்கள் துறையில் கிடையாது.

இன்றைய எண் வேறு. சுவீடனில் 30,381 பேரின் பதிவுகளை வைத்து 2015இல் வெளியான ஆய்வில், ஆம்புலன்ஸ் வரும் முன்பே யாராவது சி.பி.ஆர்., அதாவது மார்பை அழுத்தும் முதலுதவி, செய்யப்பட்டவர்களில் 10.5 சதவீதம் பேர் 30 நாள் கடந்து உயிரோடு இருந்தார்கள். செய்யப்படாதவர்களில் 4 சதவீதம். இது சமவாய்ப்புச் சோதனை அல்ல, அதாவது யாருக்குச் செய்வது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்த சோதனை அல்ல. விழுந்தவரில் பாதிப்பேரை வேண்டுமென்றே சும்மா விட்டுப் பார்க்க முடியாது. கண்ணெதிரே விழுந்தவர்களுக்கும் வயதில் இளையவர்களுக்கும் அதிகமாகக் கை கிடைத்திருக்கும் என்பதால் இந்த வேறுபாடு முழுவதும் கையால் வந்தது என்று சொல்ல முடியாது. அந்தக் கணக்கை எல்லாம் சரிசெய்த பிறகும் பிழைப்பதற்கான வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் நின்றது.

வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கவில்லையே என்று அந்தப் பெண் பின்னர் வருந்தினார். வருந்த வேண்டியதில்லை. தொலைபேசியில் அழுத்தம் மட்டும் சொல்லிக்கொடுப்பதா, மூச்சையும் சேர்ப்பதா என்று 2010இல் இரண்டு சமவாய்ப்புச் சோதனைகள் ஒரே இதழில் வெளிவந்தன. ஒன்றில் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்கள் 12.5க்கு 11 சதவீதம். சுவீடனில் நடந்த மற்றொன்றில் 30 நாள் பிழைத்தவர்கள் 8.7க்கு 7 சதவீதம். இரண்டிலும் அழுத்தம் மட்டும் செய்த பக்கமே சற்று மேலே இருந்தது, ஆனால் தற்செயல் என்று ஒதுக்கிவிடக்கூடிய அளவுதான். திடீரென்று இதயம் நின்ற பெரியவரின் இரத்தத்தில் முதல் சில நிமிடங்களுக்கு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது. அதை ஓட வைக்கத்தான் ஆள் இல்லை. குழந்தைகளுக்கும் நீரில் மூழ்கியவர்களுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. அவர்களுக்குப் பெரும்பாலும் மூச்சு நின்றதால்தான் இதயம் நின்றது; மூச்சு கொடுக்கத்தான் வேண்டும்.

இரண்டு மாடி கீழே ஒரு பெட்டி

இந்தப் பகுதியை எழுத எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கட்டடத்தில் ஏ.இ.டி. கருவி, அதாவது யாரும் பயன்படுத்தக்கூடிய தானியங்கி டீஃபிப்ரிலேட்டர், இருந்தது. தரைத்தளத்தில், வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருந்த அறையில், வேலை செய்யும் நிலையில். அந்த ஐந்து பேரில் ஒருவருக்கும் அது தெரியாது. அழைப்பை எடுத்தவரின் திரையிலும் அது இல்லை.

இவருடைய இதயம் அப்போது வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷனில், அதாவது கீழறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் நிலையில் இருந்திருக்கும். அந்த நிலைக்கு ஷாக் ஒன்றே மருந்து, அதுவும் நேரத்தோடு கரைகிற மருந்து. அமெரிக்கச் சூதாட்டக் கூடங்களில் பாதுகாவலர்களுக்கு ஏ.இ.டி. பழக்கிப் பார்த்த ஆய்வு 2000இல் வெளியானது. அந்த நடுக்கத்தோடு விழுந்த 105 பேரில் 53 சதவீதம் பேர் மருத்துவமனையிலிருந்து உயிரோடு வீடு திரும்பினார்கள். விழுந்து மூன்று நிமிடத்துக்குள் ஷாக் கிடைத்தவர்களில் அது 74 சதவீதம், அதற்கு மேல் ஆனவர்களில் 49. ஷாக் கொடுத்தவர்கள் சீருடைக் காவலர்கள், மருத்துவர்கள் அல்ல. கூடத்தின் ஒவ்வொரு மூலையையும் மேலே இருந்து கேமரா பார்த்துக்கொண்டிருந்தது என்பதும் காரணம். சூதாடுபவர்களைக் கண்காணிக்க வைத்த கேமரா உயிரையும் காத்தது.

எங்கள் நோயாளிக்கு முதல் ஷாக் கிடைத்தது 10ஆவது நிமிடத்தில். கீழே ஓடி எடுத்து வந்திருந்தால் நான்காவது நிமிடத்திலேயே கொடுத்திருக்கலாம் என்பது என் கணக்கு.

கருவியின் நினைவகம் சொன்னது

ஆம்புலன்ஸ் குழு மூன்று பேர். அவர்கள் நோயாளியைத் தொட்ட நொடியிலிருந்து மார்பின் மேல் வைத்த உணரி ஒவ்வோர் அழுத்தத்தையும் பதிந்திருக்கிறது. சராசரி ஆழம் 5.3 செ.மீ. நிமிடத்துக்கு 118 முறை, ஒரு கட்டத்தில் மட்டும் 132 வரை ஏறியது. மொத்த நேரத்தில் 81 சதவீதம் கை மார்பில் வேலை செய்திருக்கிறது.

இந்த எண்களின் மதிப்பு தெரிய வேண்டுமானால் 2005இல் விக் என்பவரும் குழுவினரும் ஐரோப்பிய ஆம்புலன்ஸ்களில் அளந்ததைப் பார்க்க வேண்டும். பயிற்சி பெற்ற பணியாளர்கள்தான். இதயம் நின்றிருந்த நேரத்தில் 48 சதவீதம் மார்பை யாருமே அழுத்தவில்லை. அழுத்தியபோது சராசரி ஆழம் 34 மில்லிமீட்டர். நாங்கள் அனைவரும் நன்றாகச் செய்கிறோம் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கட்டுரை வந்த பிறகு பலர் கருவியைக் குறை சொன்னார்கள்.

இன்றைய வழிகாட்டுதல் 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120. இன்னும் வேகமாக அழுத்தினால் இன்னும் நல்லது என்று தோன்றும். அப்படி இல்லை. வேகம் 120ஐத் தாண்டும்போது ஆழம் குறைகிறது. மார்பு முழுவதும் மேலெழ நேரமில்லாததால் இதயம் நிரம்புவதும் குறைகிறது. எங்கள் பதிவில் 132 ஆன அந்த நிமிடத்தில் ஆழம் 4.4க்கு இறங்கியிருந்தது. ஆள் மாறியதும் மீண்டது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றச் சொல்வது இதற்காகத்தான். அழுத்துபவருக்குத் தன் கை தளர்ந்தது தெரிவதே இல்லை.

இனி அந்தப் பதிவில் கண்ணை உறுத்தும் இடம். 15ஆவது நிமிடத்தில் வரைகோடு தட்டையாகிறது. 31 விநாடி. மூச்சுக்குழாயில் குழாய் போட முயன்றிருக்கிறார்கள், குரல்நாண் தெரியவில்லை, இன்னொரு முறை பார்த்திருக்கிறார்கள், பிறகு கைவிட்டு, தொண்டைக்கு மேல் அமரும் எளிய காற்றுக்குழாயை வைத்திருக்கிறார்கள். அதற்கு ஆறு விநாடி போதுமாக இருந்தது.

இதயத் தசைக்கு இரத்தம் போவது கொரோனரி குழாய்களில் இருக்கும் அழுத்தத்தால். கை நின்ற சில விநாடிகளில் அந்த அழுத்தம் விழுந்துவிடும். மறுபடி ஏற்ற எத்தனையோ அழுத்தங்கள் ஆகும். அது 15 மில்லிமீட்டர் பாதரசத்தை ஒருமுறைகூட எட்டாத யாருக்கும் நாடி திரும்பவில்லை என்று 1990இல் 100 நோயாளிகளை அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆக 31 விநாடி என்பது 31 விநாடியோடு முடிவதில்லை.

குழாய் போடுவது எங்கள் தொழிலின் பெருமைகளில் ஒன்று. அதனாலேயே அதைக் கேள்வி கேட்க நாளானது. இங்கிலாந்தில் 9,296 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஏர்வேஸ்-2 சோதனையில், எளிய காற்றுக்குழாய் வைத்தவர்களில் 6.4 சதவீதமும் மூச்சுக்குழாய்க் குழாய் போட்டவர்களில் 6.8 சதவீதமும் நல்ல நிலையில் மீண்டார்கள். வேறுபாடு இல்லை என்றே பொருள். அதே 2018இல் அமெரிக்காவில் 3,004 பேரிடம் நடந்த சோதனையில் எளிய குழாய் வகை ஒன்றே 72 மணி நேர உயிர்ப்பில் முன்னால் நின்றது, 18.3க்கு 15.4. இந்தக் குழு ஆறு விநாடி வழியை முதலிலேயே எடுத்திருக்கலாம். அவர்களிடம் நான் சொன்னபோது குழுத் தலைவர் மறுக்கவில்லை. “பழக்கம், சார்” என்றார்.

மார்பை அழுத்தும் இயந்திரம் வண்டியிலேயே இருந்ததே, ஏன் எடுக்கவில்லை என்று ஆய்வுக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். எடுக்காததில் தவறில்லை. லிங்க் என்ற சோதனையில் 2,589 பேர். நான்கு மணி நேரம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் இயந்திரத்தில் 23.6, கையில் 23.7 சதவீதம். படியில் இறக்கும்போதும் ஓடும் வண்டியிலும் அது பயன்படும். களைக்காத கை என்பதற்காக அது திறமையான கை ஆகிவிடாது.

அட்ரினலின்

மூன்றாவது ஷாக்குக்குப் பிறகு 1 மில்லிகிராம் அட்ரினலின், 14ஆவது நிமிடத்தில். நான்கு நிமிடம் கழித்து இன்னொன்று. இதுதான் எங்கள் துறையின் மிகப் பழைய பழக்கம், மிகத் தாமதமாகச் சோதிக்கப்பட்ட மருந்தும் இதுவே. 1906லேயே கிரைல், டாலி இருவரும் நாய்களில் பயன்படுத்திவிட்டார்கள். அதன் பிறகு வந்த எல்லா வழிகாட்டுதல்களும் அதைச் சுமந்து வந்தன. ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் 5,000 பேரை வைத்துச் சோதிக்கத் திட்டமிட்டபோது, உயிர்காக்கும் மருந்தை மறுப்பதா என்று எதிர்ப்பு எழுந்து 534 பேரோடு நின்றுபோனது. மருந்து உயிர் காக்கிறதா என்பதுதான் கேள்வியே. பதில் தெரியும் என்று நம்பியவர்கள் கேள்வியைக் கேட்கவே விடவில்லை.

இறுதியில் பிரிட்டனில் ஐந்து ஆம்புலன்ஸ் சேவைகள் 2014 முதல் 2017 வரை அதைச் செய்து முடித்தன. பாராமெடிக்-2 என்று பெயர். 8,014 பேர். பெட்டியைத் திறக்கும் பணியாளருக்கே ஊசியில் இருப்பது அட்ரினலினா உப்புநீரா என்று தெரியாது. முடிவு 2018இல் வந்தது. நாடி திரும்பியவர்கள் அட்ரினலின் பக்கம் 36.3 சதவீதம், உப்புநீர்ப் பக்கம் 11.7. மூன்று மடங்கு! களத்தில் நின்று பார்ப்பவருக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. ஊசி போட்டோம், நாடி வந்தது. ஒரு நூற்றாண்டு நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது இங்கே விளங்குகிறது.

30 நாள் கழித்து எண்ணியபோது 4,012 பேரில் 130 பேரும் 3,995 பேரில் 94 பேரும் உயிரோடு இருந்தார்கள். 3.2க்கு 2.4 சதவீதம். வேறுபாடு உண்மையானது, ஆனால் மூன்று மடங்கு எங்கோ கரைந்துவிட்டது. மூளை நல்ல நிலையில் வீடு திரும்பியவர்களை எண்ணினால் 2.2க்கு 1.9, இது தற்செயலாகவும் இருக்கலாம். வீடு திரும்பியவர்களில் கடுமையான மூளைப் பாதிப்போடு இருந்தவர்கள் அட்ரினலின் பக்கம் 126இல் 39 பேர், உப்புநீர்ப் பக்கம் 90இல் 16 பேர்.

இந்த ஆய்வை நான் படித்த அன்று மனம் அமைதியாக இல்லை. அந்த மருந்தை எத்தனை பேருக்கு ஏற்றியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றியது. இதயத்துக்கும் மூளைக்கும் ஒரே நேரத்தில் கடிகாரம் ஓடுகிறது. அட்ரினலின் இதயத்தை மட்டும் எழுப்புகிறது. அந்தச் சோதனையில் அழைப்பிலிருந்து மருந்து ஏறும் வரை ஏறத்தாழ 21 நிமிடம் ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். முன்னதாகக் கொடுத்தால் கதை வேறாக இருக்கலாம் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். வாதம் நியாயமானது. இந்த நோயாளிக்கு அது 14ஆவது நிமிடத்தில் கிடைத்தது. அவர் அந்த வாதத்துக்குச் சான்றாக மாட்டார், ஒருவர் எதற்கும் சான்றாக மாட்டார்.

அந்த ஆய்வாளர்களே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டியிருந்தார்கள். கூடுதலாக ஓர் உயிர் பிழைக்க எத்தனை பேருக்குச் செய்ய வேண்டும் என்பது அது. அட்ரினலின் என்றால் 112 பேர். அருகில் இருப்பவர் சி.பி.ஆர். செய்தால் 15. இதய நிறுத்தம் என்று சீக்கிரம் கண்டுகொண்டால் 11. சீக்கிரம் ஷாக் கொடுத்தால் 5. இந்த நான்கு எண்களையும் எங்கள் பயிற்சி அறைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம்.

அமியோடரோனைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 3,026 பேரிடம் நடந்த சோதனையில் வீடு திரும்பியவர்கள் அமியோடரோனில் 24.4, அதே வேலைக்கான லிடோகெயினில் 23.7, வெறும் உப்புநீரில் 21 சதவீதம். மொத்தத்தில் நிரூபணம் ஆகவில்லை. கண்ணெதிரே விழுந்தவர்களில் மட்டும் பலன் தெரிந்தது. இவர் கண்ணெதிரே விழுந்தவர். கொடுத்தது சரியே.

கால்சியம் ஏன் கொடுக்கவில்லை என்று எங்கள் பயிற்சி மருத்துவர் கேட்டார். டென்மார்க்கில் 391 பேரோடு அந்தச் சோதனையை நிறுத்திவிட்டார்கள்: கால்சியம் ஏற்றியவர்களில் நாடி திரும்பியது 19 சதவீதம், உப்புநீரில் 27. கொடுக்காமல் இருப்பதற்கும் ஆதாரம் வேண்டும். இங்கே அது இருக்கிறது.

ஐந்தாவது ஷாக்

நான்கு முறை ஷாக் கொடுத்தும் நடுக்கம் நிற்கவில்லை. அப்போது குழுத் தலைவர் ஒட்டுத் தகடுகளை இடம் மாற்றினார். வலது காறை எலும்புக்குக் கீழே இருந்ததை எடுத்துவிட்டுப் புதிய தகட்டை நெஞ்சின் முன்பக்கமும் மற்றொன்றை முதுகிலும் ஒட்டினார். மின்சாரம் பக்கவாட்டில் பாயாமல் முன்னிருந்து பின்னாகப் பாயும். பதிவில் கை நின்ற நேரம் 12 விநாடி. நோயாளியை ஒருக்களித்துத் திருப்பியதற்கு அது குறைவுதான். 18ஆவது நிமிடம் ஷாக். இரண்டு நிமிட அழுத்தம். நாடி.

மாற்றியதால்தான் நின்றதா? குழு அப்படித்தான் நம்புகிறது. கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2022இல் வெளியான டோஸ் விஎஃப் சோதனை அவர்களுக்குத் துணை நிற்கிறது. மூன்று ஷாக்குக்கும் அடங்காத 405 பேர். அதே இடத்தில் தொடர்ந்து ஷாக் கொடுத்தவர்களில் 13.3 சதவீதம் பிழைத்தார்கள். தகட்டை இடம் மாற்றியவர்களில் 21.7, இரண்டு கருவிகளை வைத்து அடுத்தடுத்து ஷாக் கொடுத்தவர்களில் 30.4. எங்கள் துறையில் இவ்வளவு பெரிய இடைவெளியைப் பார்ப்பது அபூர்வம், அதனாலேயே நான் எச்சரிக்கையாகப் படித்தேன். கொரோனா காலத்து ஆள் பற்றாக்குறையால் திட்டமிட்ட எண்ணிக்கையில் பாதியைக்கூட எட்டாமல் சோதனை நின்றது. சீக்கிரம் நிறுத்தப்படும் சோதனைகள் பலனைப் பெரிதாக்கிக் காட்டும் பழக்கம் உடையவை. இடம் மாற்றியவர்களில் உயிர்ப்பு கூடினாலும், மூளை நல்ல நிலையில் மீண்டவர்கள் கூடியதாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை; இரண்டு கருவி முறையில் அது கூடியது. பன்னாட்டு உயிர்மீட்புக் குழு இரண்டு முறைகளையும் பரிசீலிக்கலாம் என்று மட்டும் 2023இல் சொன்னது. அதையும் வலியுறுத்திச் சொல்லவில்லை.

எங்கள் நோயாளிக்கு ஐந்தாவது ஷாக்குக்கு முன் அமியோடரோன் ஏறியிருந்தது, இரண்டாவது அட்ரினலின் அப்போதுதான் உள்ளே போயிருந்தது, புதிய ஆள் மார்பை அழுத்தத் தொடங்கியிருந்தார். நான்கும் ஒரே நிமிடத்துக்குள் நடந்தவை. எதற்கு மாலை போடுவது? தகட்டை மாற்றச் செலவில்லை, தீங்கு தெரியவில்லை, அதனால் இனி மூன்றாவது ஷாக் தோற்றதுமே மாற்றுங்கள் என்று எங்கள் நெறிமுறையைத் திருத்தினேன். அது காப்பாற்றியது என்று எழுத மறுத்தேன்.

ஐ.சி.யூ.

வந்த உடனே ஈ.சி.ஜி. எடுக்கத் துடித்த கைகளைச் சற்று நிறுத்தி வைத்தேன். நாடி திரும்பிய முதல் ஏழு நிமிடங்களுக்குள் எடுக்கும் ஈ.சி.ஜி. பல நேரம் பொய் சொல்லும். பட்டினி கிடந்த இதயம், மாரடைப்பின் அடையாளமான எஸ்.டி. உயர்வைப் போலக் காட்டும். நாடி திரும்பி 12ஆவது நிமிடத்தில் எடுத்ததிலும் உயர்வு இருந்தது. நேராக ஆஞ்சியோ, இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் முன்பக்க இறங்கு குழாய் தொடக்கத்திலேயே அடைபட்டிருந்தது, ஸ்டென்ட் வைத்தார்கள்.

பிறகு வெப்பநிலை. என் இளமைக் காலத்தில் பனிக்கட்டிப் பைகளை அக்குளிலும் தொடையிடுக்கிலும் அடுக்கியிருக்கிறேன். 2002இல் ஒரே நாளில் வந்த இரண்டு ஆய்வுகள், ஒன்றில் 275 பேர், மற்றொன்றில் 77 பேர், 32 முதல் 34 டிகிரிக்குக் குளிர்வித்தால் மூளை தப்பும் என்றன. உலகமே குளிர்வித்தது. 2013இல் 33 டிகிரிக்கும் 36 டிகிரிக்கும் வேறுபாடு இல்லை என்றானது. 2021இல் 1,850 பேரிடம் 33 டிகிரியையும் காய்ச்சல் மட்டும் தடுப்பதையும் ஒப்பிட்டபோது ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 50க்கு 48 சதவீதம். குளிர்வித்தவர்களில் இதயத் தாளக் கோளாறுகள்தான் கூடின. இவருக்குக் குளிர்விக்கவில்லை. 37.5க்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான். செவிலியர் ஒருவர் முதல் இரவு என்னிடம், ஒன்றுமே செய்யாததுபோல இருக்கிறதே என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இரண்டாம் நாள் மாலை அவருடைய மனைவி கேட்டார்: “எழுந்துகொள்வாரா, டாக்டர்?” கண்மணிகள் வெளிச்சத்துக்குச் சுருங்கின, அதற்கு மேல் எதுவுமில்லை. 72 மணி நேரத்துக்கு முன் மூளையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது விதி. மயக்க மருந்தின் மிச்சம் ஒருவரை உண்மையைவிட மோசமாகக் காட்டும். அவசரப்பட்டுச் சொன்ன தீர்ப்பு தானே தன்னை மெய்யாக்கிக்கொள்ளும், ஏனென்றால் சிகிச்சையை நிறுத்திவிடுவோம். “இன்னும் தெரியாது அம்மா, நாளை மறுநாள் வரை கேட்காதீர்கள்” என்றேன். கடுமையாகச் சொல்லிவிட்டேனோ என்று இப்போதும் தோன்றுகிறது.

81ஆவது மணி நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்குக் கண் திறந்தார். நான்காம் நாள் வென்டிலேட்டரிலிருந்து எடுத்தோம். 12ஆம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார். மூன்று மாதம் கழித்து வந்தபோது பதிவேட்டில் நல்ல மீட்பு என்ற கட்டத்தில் குறியிட்டேன். அந்தக் கட்டத்துக்குள் அடங்காத சில உண்டு: அன்று காலை முதல் ஐந்தாம் நாள் வரை நினைவில் ஒன்றுமில்லை, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் தொடர முடியவில்லை, அலுவலகத்துக்கு அரை நாள்தான் போகிறார். மனைவியின் கணக்கில் அவர் முன்பைவிடச் சீக்கிரம் அழுகிறார்.

அவரோடு அந்தக் கணக்குப் பிரிவுப் பெண்ணும் வந்திருந்தார். நோயாளி இ.சி.ஜி. எடுக்க உள்ளே போனதும் தன் கேள்வியைக் கேட்டார். அழுத்திக்கொண்டிருந்தபோது மார்பில் ஏதோ முறிந்த சத்தம் வந்ததாம். உடனே கையை எடுத்துவிட்டாராம்.

பதிவில் அந்த இடம் எனக்குத் தெரியும். மந்தமான ஒரு சத்தம், பிறகு அவருடைய குரல், “ஐயோ, உடைத்துவிட்டேன்.” அழைப்பை எடுத்தவர், “எலும்பு கூடிவிடும் அம்மா, அழுத்துங்கள்.” மறுபடி எண்ணிக்கை தொடங்க 11 விநாடி. சி.டி. ஸ்கேனில் இடப்பக்கம் நான்கு விலா எலும்புகளும் மார்பெலும்பும் விரிசல் விட்டிருந்தன.

“அந்தப் பதினோரு விநாடியால்தான் அவருக்கு மறதி வந்ததா, டாக்டர்?”

பயிற்சி பெற்ற மூன்று பேர் ஒரு குழாய்க்காக 31 விநாடி நிறுத்தியதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, ஏ.இ.டி. பெட்டி இப்போது இரண்டாம் மாடியில் லிஃப்டுக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டிருக்கிறது, திங்கட்கிழமைதோறும் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது தன் பொறுப்பு என்றார். உள்ளே இருந்து வந்த நோயாளி, இடது பக்கம் திரும்பிப் படுத்தால் இன்னும் வலிக்கிறது, அதற்கு ஏதாவது மாத்திரை உண்டா என்று என்னைக் கேட்டார்.